பழைய வயலினுக்குள் ‘ஸ்ட்ராடிவாரியுஸ்’ என்று இருந்தால்: முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்குகிறது. உள்ளே பூச்சி அரித்த பச்சை வெல்வெட், அறுந்து சுருண்ட தந்தி, முடி உதிர்ந்த வில். வயலினை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால், இடப்பக்க எஃப் துளை (எஃப் எழுத்து வடிவத் துளை) வழியாக உள்ளே பழுப்பேறிய காகிதம் ஒன்று தெரிகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறீர்கள்: ‘அந்தோனியுஸ் ஸ்ட்ராடிவாரியுஸ் கிரெமோனென்சிஸ் ஃபாசியேபாத் அன்னோ 17…’ கிரெமோனா ஊர் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி இந்த ஆண்டில் செய்தது என்று லத்தீனில் பொருள்; வயலின் செய்தவர்களிலேயே பெரும் புகழ் பெற்றவர் அவர். அடுத்த நிமிடம் கைபேசியில் தேடினால், 2011இல் ‘லேடி பிளண்ட்’ என்ற ஸ்ட்ராடிவாரி வயலின் 1 கோடியே 59 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்று வருகிறது. அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. எங்கள் வீட்டில் தாத்தாவின் பெட்டியைத் திறந்தபோது அப்படித்தான் ஆனது.

அதற்குப் பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சீட்டு எதையும் நிரூபிக்காது. ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 500. பெரும்பாலானவை எங்கே, யார் கையில் என்று பதிவாகியிருக்கிறது. அவர் பெயரை அச்சடித்து ஒட்டிய வயலின்களோ லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் சீட்டு பொய் என்பதால் வயலினும் மட்டம் என்று ஆகிவிடாது.

முதல் வேலை: எதுவும் செய்யாமல் இருப்பது

துடைக்காதீர்கள். எண்ணெய் போடாதீர்கள். மேலே வார்னிஷ் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். பழைய வயலினின் விலையில் அதன் அசல் வார்னிஷுக்குப் பெரிய பங்கு உண்டு, ஒருமுறை சுரண்டினால் அது திரும்ப வராது.

லேசாக அசைத்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அது சவுண்ட் போஸ்டாக இருக்கலாம். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே முட்டுக்கொடுத்து நிற்கும் சிறு குச்சி அது. ஒட்டியிருக்காது, அழுத்தத்திலேயே நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ‘ஆன்மா’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது விழுந்திருக்கும்போது தந்தியை முறுக்கினால் மேல்பலகை அமுங்கி விரிசல் விடும். மேற்கத்திய சுருதியில் நாலு தந்தியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. குச்சி இல்லாமல் அந்தப் பாரத்தைத் தாங்க அந்தப் பலகையால் ஆகாது. ஆகவே குச்சி விழுந்திருந்தால் இருக்கிற தந்தியையும் தளர்த்திவிடுங்கள்.

பசை விஷயத்தில் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வயலினை ஒட்டுவது வஜ்ஜிரத்தால், அதாவது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால். வெப்பத்திலும் ஈரத்திலும் இளகும் பசை அது. அதைக் குறையென்று நினைக்க வேண்டாம், தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மரம் சுருங்கும்போது ஓரத்து ஒட்டு விட்டுக்கொடுக்கும், பலகை பிழைத்துக்கொள்ளும். பிறகு ஒரு மெல்லிய கத்தியை விட்டு நெம்பித் திறந்து, பழுது பார்த்து, மறுபடி மூடலாம். 300 வருஷத்து வயலின்கள் இன்றும் வாசிக்கப்படுவதற்கு இந்தப் பசையும் ஒரு காரணம். தாத்தாவின் வயலினில் ஓரம் விட்டிருந்ததை யாரோ மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். ஆனால் அடுத்த மழைக்காலம் போய் வெயில் வந்தபோது ஒட்டு அசையவில்லை, பக்கத்திலிருந்த பலகை கிழிந்துவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

சீட்டைப் படிப்பது

கைபேசி விளக்கை ஒரு எஃப் துளையில் அடித்து, இன்னொன்று வழியாகப் பாருங்கள். பெயரைவிட நாட்டின் பெயர்தான் உங்களுக்கு உதவும். 1890இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் போட்டது. அதன்படி இறக்குமதியாகும் பொருளில் அது வந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். அதனால் சீட்டில் ‘ஜெர்மனி’ என்று இருந்தால் அது 1891க்குப் பிந்தையது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ‘செக்கோஸ்லோவாகியா’ என்றால் 1918க்குப் பிறகு, ஏனென்றால் அதற்கு முன் அப்படி ஒரு நாடே கிடையாது. ‘நிப்பான்’ என்று இருந்தால் ஜப்பான் வயலின், பெரும்பாலும் 1921க்கு முந்தையது. அந்த வருஷத்திலிருந்து ‘ஜப்பான்’ என்றே போட வேண்டும் என்று அமெரிக்கா சொல்லிவிட்டது.

இந்தச் சீட்டுகளை எல்லாம் மோசடி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் சாக்சனிப் பகுதியின் மார்க்நொய்கிர்ஷன், பவேரியாவின் மிட்டன்வால்ட், பிரான்சின் மிர்கூர் ஆகிய ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் வயலின் செய்வது குடிசைத் தொழிலாக நடந்தது. சாக்சனியில் ஒரு வீட்டில் தலையின் நுனியிலுள்ள சுருள் மட்டும் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் மேல்பலகை, வேறொரு வீட்டில் கழுத்து. ஒரு வியாபாரி எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து, வார்னிஷ் அடித்து, கப்பலேற்றுவார். ‘ஸ்ட்ராடிவாரியுஸ்’ என்றால் அந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்று பொருள். அமெரிக்காவின் தபால்வழிக் கடைகளில் அவை சில டாலர்களுக்குக் கிடைத்தன. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் அது என்னவென்று தெரியும். தெரியாமல் போனது மூன்று தலைமுறை தாண்டி வந்த நமக்குத்தான்.

ஸ்ட்ராடிவாரி மட்டுமல்ல, அமாத்தி, குவர்னேரி, ஸ்டைனர் என்று புகழ்பெற்ற மற்றப் பழைய வயலின் செய்தவர்களின் பெயர்களுக்கும் இதே கதைதான்.

உடம்பைப் பார்ப்பது

பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். அதை எஃப் துளை வழியாகப் பக்குவமாக விட்டு, மேல்பலகையின் உட்புறத்தைப் பாருங்கள். தடித்த தந்திப் பக்கத்தில், நீளவாக்கில் ஒரு கட்டை ஓடும். அதுதான் பாஸ் பார். நல்ல வேலையில் அது தனி மரமாகச் செய்து ஒட்டப்பட்டிருக்கும். மலிவான சாக்சனி வயலின்களில் மேல்பலகையைக் குடையும்போதே அதை விட்டுச் செதுக்கியிருப்பார்கள், உளி பட்ட தடம் அப்படியே இருக்கும். கண்ணாடியில் அந்தத் தடத்தைப் பார்த்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி.

அப்புறம் ஓரத்தைப் பாருங்கள். விளிம்பை ஒட்டி கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று ஒரு கோடு போகும். நல்ல வயலினில் அது வரைந்த கோடல்ல. வாய்க்கால் வெட்டி, மூன்று மெல்லிய மரச்சீவல்களைச் சேர்த்துப் பதித்திருப்பார்கள். விளிம்பில் அடிபட்டால் விரிசல் உள்ளே ஓடாமல் அது தடுக்கும். மிக மலிவானவற்றில் மையால் கோடு இழுத்துவிடுவார்கள்.

இனி தலைப்பகுதி. தந்தியை முறுக்கும் பிருடைகள் செருகியிருக்கும் பெட்டியின் பக்கவாட்டில், கழுத்து சேரும் இடத்தில் மரத்தில் ஒரு இணைப்புக் கோடு தெரிகிறதா? இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஸ்ட்ராடிவாரி காலத்து வயலின் கழுத்து இன்றையதைவிடக் குட்டை, சாய்வும் குறைவு. 1800ஐ ஒட்டி அரங்குகள் பெரிதாகி, சுருதியும் ஏற ஏற, நீளமான, பின்னால் சாய்ந்த கழுத்து தேவைப்பட்டது. வயலின் செய்பவர்கள் பழைய தலையை வெட்டி எடுத்து, புதுக் கழுத்தில் ஒட்டுப் போட்டார்கள். அதனால் பழைய இத்தாலிய வயலின்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் தலை அசல், கழுத்து பிற்காலத்தது. அந்த ஒட்டு இருந்தால் நம்பிக்கைக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் வயலினைப் பழசாகக் காட்ட ஊசியால் பொய்க்கோடு கீறியதும் உண்டு. உண்மையான ஒட்டில் கோட்டின் இரண்டு பக்கமும் மரத்தின் இழை வேறுவேறாக ஓடும். கீறிய கோட்டில் ஒரே இழை கோட்டைத் தாண்டி அப்படியே தொடரும். பூதக்கண்ணாடி இருந்தால் போதும், இதை நீங்களே பார்த்துவிடலாம்.

நம் ஊர் வயலின்களில் இன்னொரு அடையாளமும் இருக்கும். கர்நாடக இசையில் தரையில் உட்கார்ந்து, சுருளை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்கிறோம். பல வருஷம் வாசித்த கருவியில் சுருளின் விளிம்பு வழுவழுவென்று தேய்ந்திருக்கும். விரல் வழுக்கிப் போகத் தேங்காய் எண்ணெய் தொட்டு வாசித்தவர் கையில் இருந்ததென்றால் ஃபிங்கர் போர்டும் ஓரங்களும் கறுத்திருக்கும். படம் அனுப்பும்போது இதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். மோவாய்க்கடியில் வைத்து வாசித்த வயலின்களையே பார்த்துப் பழகியவருக்கு இந்தத் தேய்மானம் புதிராக இருக்கும்.

விலை எங்கிருந்து வருகிறது

இது தெரியாமல் மதிப்பைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

இத்தாலியின் கிரெமோனா ஊரில் 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆந்திரேயா அமாத்தி வயலினுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தார். பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் சார்லஸுக்காக அவர் செய்த கருவிகளில் சில இன்றும் இருக்கின்றன. மகன்கள், பிறகு பேரன் நிக்கோலோ என்று தொழில் வீட்டுக்குள்ளேயே ஓடியது. 1630இல் வந்த கொள்ளைநோயில் நிக்கோலோவின் அப்பா இறந்தார். ஊரில் இந்தத் தொழில் தெரிந்தவராக நிக்கோலோ ஒருவரே மிஞ்சினார் என்று சொல்லலாம். கைகள் குறைவு, வேலையோ நிறைய. வேறு வழியில்லாமல் குடும்பத்துக்கு வெளியே இருந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் ஆந்திரேயா குவர்னேரி. அந்தக் கதவு திறந்திராவிட்டால் குவர்னேரி குடும்பமே இந்தத் தொழிலுக்கு வந்திருக்காது.

அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1644ஐ ஒட்டிப் பிறந்து 1737இல் இறந்தவர், தொண்ணூறைத் தாண்டியும் வேலை செய்தவர். 1700இலிருந்து ஏறக்குறைய 1720 வரை செய்தவற்றைப் பொற்காலத்தவை என்பார்கள், அதிக விலையும் அவற்றுக்கே. 1714ஆம் ஆண்டு வயலின்கள் இரண்டு சமீபத்தில் விற்றன: ‘தா வின்சி’ 2022இல் 1 கோடியே 53 லட்சம் டாலருக்கு, ‘யோவாகிம்-மா’ 2025இல் 1 கோடியே 13 லட்சம் டாலருக்கு. ஆந்திரேயா குவர்னேரியின் பேரன் ஜுசெப்பே, ‘தெல் ஜேசு’ என்று பெயர் பெற்றவர், 1744இல் நாற்பத்தாறு வயதிலேயே போய்விட்டார். அவர் வயலின்கள் 150 போலத்தான் மிஞ்சியிருக்கின்றன. வேலை ஸ்ட்ராடிவாரியைப் போல நறுவிசாக இருக்காது, எஃப் துளைகூட ஒன்றுக்கொன்று பொருந்தாது. எனக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கும். இத்தாலிய வயலின் மேதை பகனீனி வாசித்த ‘பீரங்கி’ என்ற 1743ஆம் ஆண்டு வயலின் அவர் செய்தது. பகனீனி அதைத் தன் ஊரான ஜெனோவாவுக்கு எழுதிவைத்தார், இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இவர்கள் எப்போதும் உச்சியில் இருந்தவர்கள் அல்ல என்பதைத்தான் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அதிகம் தேடப்பட்டவை ஆல்ப்ஸ் மலையின் டிரோல் பகுதியைச் சேர்ந்த யாக்கோப் ஸ்டைனர் செய்த வயலின்கள். வயிறு புடைத்த மாதிரி மேல்பலகை உயர்ந்திருக்கும், இனிமையான, சன்னமான நாதம். அரண்மனைக் கூடத்துக்கு அது போதும். ஆயிரம் பேர் உட்காரும் அரங்குக்கு எட்டாது. 1782இல் வியோத்தி என்ற இத்தாலிய வயலின் கலைஞர் பாரிசில் வாசிக்க ஆரம்பித்தார். அவர் கையிலிருந்த ஸ்ட்ராடிவாரியின் தட்டையான உடம்பிலிருந்து வந்த கனமான ஒலியைக் கேட்டவர்கள் பக்கம் மாறினார்கள். ஸ்டைனர் விலை இறங்கி, ஸ்ட்ராடிவாரி விலை ஏறியது. மரம் மாறவில்லை, அரங்கும் காதும் மாறின.

பிறகு அரிதாக்கும் வேலையைச் சேகரிப்பவர்கள் செய்தார்கள். கோசியோ என்ற இத்தாலியப் பிரபு ஸ்ட்ராடிவாரியின் மகனிடம் எஞ்சியிருந்தவற்றை வாங்கினார். லூயிஜி தாரிசியோ என்பவர் இத்தாலிய கிராமங்களிலும் மடங்களிலும் அலைந்து பழைய வயலின்களைச் சேர்த்துப் பாரிசுக்குக் கொண்டுபோய் விற்றார். 1854இல் அவர் மிலானில் இறந்துபோக, பாரிசில் வயலின் செய்துவந்த வியோம் விரைந்துபோய் அவர் விட்டுச்சென்ற நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை வாங்கினார். அவற்றில் ஒன்று 1716ஆம் ஆண்டின் ‘மெசையா’. ஏறக்குறைய வாசிக்கப்படாமலே இருந்ததால் புதுசு போலிருக்கும். இப்போது ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது.

ஒலிக்கும் விலைக்கும் நேர்க்கணக்கு கிடையாது. அமெரிக்காவிலும் பாரிசிலும் தேர்ந்த கலைஞர்களுக்கு எது எதுவென்று தெரியாதபடி செய்து பழைய இத்தாலிய வயலின்களையும் புதியவற்றையும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். 2012, 2014 ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. பலர் புதியதையே விரும்பினார்கள், எது பழையது என்று சொல்லவும் முடியவில்லை. ஆகவே ‘என்ன நாதம், இது நிச்சயம் இத்தாலி’ என்று ஒருவர் சொன்னால் அதை ரசிக்கலாம், சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

நிரூபிப்பது

விலையைத் தீர்மானிப்பவை மூன்று: யார் செய்தது, எவ்வளவு அசலாக இருக்கிறது, யார் கை மாறி வந்தது. அடிப்பலகையில் சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் விரிசல் இருந்தால் மட்டும் மதிப்பில் பாதிக்கு மேல்கூடப் போய்விடும். தலை வேறு, உடம்பு வேறு என்றாலும் பெரிய இறக்கம்தான்.

மரத்தின் வயதை ஆண்டு வளையத்தால் கணிக்கலாம். மேல்பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். மேலே நெருக்கமாக ஓடும் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு வருஷம். நல்ல வருஷத்தில் அகலம், மோசமானதில் குறுகல். அந்த அகல-குறுகல் வரிசையை அதே மலைப்பகுதி மரங்களின் வரிசையோடு பொருத்தினால், கடைசி வளையம் எந்த ஆண்டு என்று தெரியும். ‘மெசையா’ போலி என்று 1990களில் சந்தேகம் கிளம்பியபோது, அதன் கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது என்று இப்படித்தான் கண்டார்கள். ஆனால் இந்த முறை, அதற்கு முன் செய்திருக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். யார் செய்தார் என்பதைச் சொல்லாது. அதற்கு ஆயிரக்கணக்கான வயலின்களைக் கையிலெடுத்துப் பார்த்த கண்கள் வேண்டும். லண்டனில் வயலின் வணிகம் செய்த ஹில் குடும்பத்தார் எழுதிக்கொடுத்த சான்றிதழுக்கு இன்றும் மதிப்பு இருப்பது அதனால்தான்.

வாங்குகிறவராக இருந்தால் திருட்டுப் பதிவையும் பாருங்கள். 1936இல் நியூயார்க் கார்னகி ஹாலில் வயலின் கலைஞர் ஹூபர்மனின் 1713ஆம் ஆண்டு ‘கிப்சன்’ ஸ்ட்ராடிவாரி களவு போனது. அதை வைத்திருந்தவர் ஷூ பாலிஷ் பூசி நிறத்தை மறைத்து, ஐம்பது வருஷம் வாசித்தார். 1985இல் சாகும் தறுவாயில்தான் மனைவியிடம் சொன்னார். இப்போது அது வயலின் கலைஞர் ஜோஷுவா பெல்லிடம் இருக்கிறது.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

தாரிசியோ ஏல நிறுவனத்தின் கோசியோ ஆவணத்தொகுப்பை இணையத்தில் பாருங்கள். உண்மையான கிரெமோனா வயலின்களின் படங்களை ஒரு வாரம் தினம் அரைமணி பார்த்தாலே கண்ணுக்கு ஒரு பழக்கம் வரும். பிறகு, தந்திக் கருவிகளுக்கென்றே ஏலம் நடத்தும் நிறுவனங்களுக்குப் படம் அனுப்புங்கள். முன்பக்கம், பின்பக்கம் நேராக. இரண்டு பக்கவாட்டு. சுருள் முன்னாலிருந்தும் இருபுறமும். சீட்டு. விரிசல்கள் ஒவ்வொன்றும் அருகில். பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் போட்டால் வார்னிஷின் நிறம் கெட்டுவிடும். உடம்பின் நீளத்தையும் எழுதுங்கள், பொதுவாக 355 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும்.

மதிப்பு சொல்கிறவரே ‘நானே வாங்கிக்கொள்கிறேன்’ என்றால் அங்கே நிறுத்துங்கள். இன்னொருவரிடம் காட்டிய பிறகு பேசலாம்.

பதில் வரும்வரை ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கும் அறையில் வையுங்கள். காருக்குள் வேண்டவே வேண்டாம், மே மாத வெயிலில் வஜ்ஜிரம் இளகிவிடும்.

வில்லை மறந்துவிடாதீர்கள். பலர் மறப்பது இதைத்தான். நல்ல பழைய வில் பிரேசிலின் பெர்னம்புக்கோ மரத்தில் செய்தது. அந்த மரம் இப்போது சர்வதேசப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, தந்தமோ ஆமை ஓடோ பதித்திருந்தால் நாடு தாண்டிக் கொண்டுபோகக் காகிதம் கேட்பார்கள். பிடிக்கு மேலே பெயர் குத்தியிருக்கும். ‘தூர்த்’ என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு வில் செய்பவரின் பெயரையும் சீட்டைப் போலவே நம்பாதீர்கள், சாதாரண வில்களிலும் அதைக் குத்தித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் படம் எடுங்கள்: முழு வில், முனை, பிடி.

எங்களுக்கு வந்த பதில் நாலே வரி. வயலின் சாக்சனி, 1900 வாக்கில், வாசிக்கத் தகுந்தது, வெள்ளைப் பசையை எடுத்து விரிசலை வஜ்ஜிரத்தால் மூட வேண்டும். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசி வரி வில்லைப் பற்றி: இரண்டில் இதுதான் மேல், முடி கட்டித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.